கங்கு காத்த இரவுகள்

பாய்லரின் பக்கச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துளை இருக்கும். அதற்கு ஓர் இரும்பு மூடி. மூடியைத் தள்ளிவிட்டு, நீலக் கண்ணாடி பதித்த சட்டத்தைக் கண்ணுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உள்ளே பார்க்க வேண்டும். ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கும் தீ அங்கே நின்றுகொண்டிருக்கும். 1981இல், இருபத்து மூன்று வயதில், நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம் ஒரு மூத்த ஆபரேட்டர் எனக்கு அதைக் காட்டினார்.

"என்ன தெரியுது?"

"நெருப்புதாண்ணே."

"இன்னும் கொஞ்ச நேரம் பாரு" என்று சொல்லிவிட்டு ரீடிங் எழுதப் போய்விட்டார்.

அவர் சொன்ன அந்தக் கொஞ்ச நேரத்தின் பொருள் எனக்கு விளங்கப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

நெய்வேலியில் தோண்டி எடுப்பது பழுப்பு நிலக்கரி. அதன் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஈரத்தை உலர்த்தி உலர்த்தித்தான் தீ வளர்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலக்கரி இன்னும் ஊறி வரும். தீ சோர்ந்து தடுமாறும். காற்று குறைந்தால் சுடரின் ஓரத்தில் கரும்புகை நூல்போல ஓடும். காற்று கூடினால் தீ வெளுத்துக் கண்ணைக் குத்தும். இரண்டுக்கும் நடுவில், பழுத்த முந்திரிப்பழத்தின் மஞ்சளில், அசைந்துகொண்டே நிலையாக நிற்கிற ஒரு தீ உண்டு. அந்தத் தீயை அப்படியே வைத்திருக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அழுத்தம், வெப்பம், டிரம்மில் நிற்கும் தண்ணீர் மட்டம் எல்லாவற்றையும் லாக் ஷீட்டில் எழுத வேண்டும். தண்ணீர் இறங்கினால் குழாய்கள் வெந்துபோகும். ஏறினால் நீராவியோடு தண்ணீரும் போய் டர்பைனைக் கெடுக்கும். முப்பத்தேழு வருடம் இதைச் செய்தேன். என் சாதனை, என் பூசை, என் தியானம், எந்தப் பெயரால் அழைத்தாலும், அது தொடங்கிய இடம் அந்தத் துளைதான். ஆனால் நான் அங்கே நேராகப் போய்ச் சேரவில்லை. வடலூர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போனேன்.

என் ஊர் குறிஞ்சிப்பாடி. அப்பா கைலி நெய்தார். வீட்டு முன்கட்டில் குழித்தறி. விடிந்தால் பொழுது சாயும்வரை நாடா ஓடும் சத்தம். அந்தச் சத்தம் நின்றால்தான் எங்களுக்கு ஏதோ கெட்டது என்று தோன்றும். அம்மாவுக்குச் சமையலறை ஒரு மூலை, அவ்வளவுதான். இரவு சமையல் முடிந்ததும் அடுப்பில் மிஞ்சிய கங்குகளை ஒன்றாகக் குவித்து, நடுவில் ஒரு வரட்டித் துண்டை வைத்து, மேலே சாம்பலைப் போர்த்துவார். குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி இரண்டு கையாலும் மெல்ல அணைத்து விடுவார். விடியலில் சாம்பலை விலக்கினால் வரட்டி உள்ளுக்குள் சிவந்திருக்கும். ஊதாங்குழலால் நாலு ஊது, ஒரு பிடி காய்ந்த பன்னாடை, தீ எழுந்துவிடும். தீக்குச்சி மிச்சமாகும் என்பதுதான் காரணம். ஆனால் அம்மா அதைச் செய்யும்போது பேச மாட்டார். நாங்கள் ஏதாவது கேட்டாலும் "இரு" என்று ஒரு சொல். சாயங்காலம் மாடத்தில் ஏற்றும் விளக்குக்கும் அதே மௌனம். "விளக்கை அணை" என்று ஒருநாளும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "குளிர வை" என்றுதான் சொல்வார்.

தைப்பூசத்துக்குக் குறிஞ்சிப்பாடியிலிருந்து வடலூருக்கு நடந்தே போவோம். சத்திய ஞான சபையின் முன்னால் வெயிலில் நின்று, ஏழு திரைகளும் ஒவ்வொன்றாக விலகி உள்ளே சோதி தெரியும் அந்த நொடிக்காகக் கூட்டத்தோடு காத்திருப்போம். கறுப்புத் திரையில் தொடங்கும். அப்பாவின் தோள்மீது உட்கார்ந்திருந்ததால் எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் ஒரு ஒளி. அதற்குள் திரை மூடிவிடும். எனக்கு ஏமாற்றமாக இருக்கும். இவ்வளவு தூரம் நடந்து, இவ்வளவு நேரம் நின்று, இமைக்கும் நேரமா? எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு தருமசாலையில் கிடைத்த சாப்பாடு.

அந்தத் தருமசாலையை வள்ளலார் தொடங்கியது 1867 மே 23. தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்தைத் தின்று தீர்ப்பதற்கு ஒன்பது வருடம் முன்பு. அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் எரிகிறது. அம்மா இதைச் சொன்னபோது எனக்கு ஆறோ ஏழோ வயது. சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டேன்: "ராத்திரி யாரும்மா சாம்பல் மூடுவாங்க?"

அம்மா யோசித்துத்தான் பதில் சொன்னார். "யாராச்சும் ஒருத்தர் முழிச்சிருப்பாங்கடா."

பிறகு படிப்பு, வேலை, கல்யாணம். நெய்வேலி நகரியத்தில், நிழல் மூடிய தெருக்கள் உள்ள ஒரு வட்டத்தில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வாரம் ஒரு ஷிப்ட்; முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், மூன்றாம் ஷிப்ட் என்று உடம்பைச் சுழற்றிப் போடும் வாழ்க்கை. மூன்றாம் ஷிப்ட் என்றால் இரவு பத்திலிருந்து காலை ஆறு. பகலில் தூங்க வேண்டும். ஜன்னலுக்குப் போர்வையைக் கட்டிக்கொண்டு படுப்பேன். காதுக்குள் மின்விசிறிகள், மில்கள், நீராவி எல்லாம் வீட்டிலும் இரைந்துகொண்டே இருக்கும். தூங்காதவனின் கோபம் தனி. அது யார்மேல் என்று தெரியாமல் கிளம்பும், கண்ணில் பட்டவர்மேல் விழும்.

1992ஆம் ஆண்டு ஒரு காலை. பத்து மணி இருக்கும். என் மகனுக்கு ஆறு வயது. பள்ளி விடுமுறை. ஸ்டூலைத் தரையில் இழுத்துப் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய சிலேட்டுதான் ஸ்டியரிங். நான் எழுந்து வந்தேன். அவன் கையிலிருந்த சிலேட்டைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன். அது மூன்று துண்டாக உடைந்தது. அவன் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு அம்மாவிடம் போய் நின்றான். என் மனைவி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று முதல் நான் வீட்டில் இருக்கும் பகல்களில் என் பிள்ளை குதிகால் தரையில் படாமல் நடக்கப் பழகினான். விரல் நுனியில், நாரைக் குஞ்சு மாதிரி. அதைப் பார்த்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதற்கு முன்பே அமைதியைத் தேடிக்கொண்டுதான் இருந்தேன். புத்தகங்கள் வாங்கினேன். எல்லாப் புத்தகமும் பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து, ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உட்காரச் சொன்னது. மூன்று வாரத்தில் ஒரு வாரம் அந்த நேரத்தில் நான் பாய்லர் தளத்தில் நிற்பேன். இன்னொரு வாரம் முதல் ஷிப்டுக்குச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். கிடைத்த நேரத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தால் டிரம் மட்டம் காட்டும் முள்தான் இமைக்குள் தெரியும். கண்ணை மூடும் வழியை நான் குறை சொல்லவில்லை. அது கரை சேர்த்தவர்கள் பலரை அறிவேன். என் உடம்பு கண்ணைத் திறந்து காவல் காக்கப் பழகிய உடம்பு. அதை மூடச் சொன்னால் அது பயந்தது. இதை அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை.

சிலேட்டு உடைந்த அடுத்த விடுப்பு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று திட்டம் இல்லை. இருபுறமும் முந்திரித் தோப்பும் செம்மண்ணும். முக்கால் மணி நேரத்தில் வடலூர் வந்திருந்தது. சின்ன வயதுக்குப் பிறகு தருமசாலைக்குள் அன்றுதான் போனேன். மறுநாள் பூசம், மலைபோலப் பூசணிக்காய் குவிந்து கிடக்க, சுற்றி உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னை யார் என்று கேட்கவில்லை. ஒரு அம்மா தன் பக்கத்தில் இடம் விட்டு ஒரு கத்தியை நீட்டினார். உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் பூசணிக்காய் நறுக்கினேன். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் யார்மேலும் கோபப்படவில்லை என்பது திரும்பி வரும் வழியில்தான் உறைத்தது.

அதன் பிறகு விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் போனேன். அடுப்படியில் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டோடு ஒரு முதியவர் இருந்தார். எல்லாரும் ஐயா என்றுதான் அழைத்தார்கள். அவரும் எல்லாரையும், சின்னப் பிள்ளைகளையும்கூட, "நீங்க" என்றுதான் பேசினார். ஒருநாள் என் வேலை என்ன என்று கேட்டார்.

"நெய்வேலில பாய்லர் ஆபரேட்டருங்க ஐயா."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப நீங்களும் அடுப்படிதான்! இங்க வந்து உக்காருங்க."

அந்த அடுப்பு இருபத்தோரு அடி நீளம், இரண்டரை அடி அகலம். வரிசையாக அண்டாக்கள் ஏற்றலாம். வெக்கை முகத்தில் அறையும். எனக்கு அது பழகிய வெக்கை. ஆனால் நடுவில் இரும்புச் சுவர் இல்லாமல், நீலக் கண்ணாடி இல்லாமல், இவ்வளவு கிட்டத்தில் நான் தீயை அம்மாவின் அடுப்புக்குப் பிறகு பார்த்ததில்லை. விறகு தள்ளச் சொன்னார். தள்ளினேன். மனம் எங்கெங்கோ போயிற்று: அடுத்த வார ஷிப்ட், பிராவிடண்ட் ஃபண்ட் கடன், பிள்ளையின் குதிகால். புகை கிளம்பி எல்லார் கண்ணையும் கரித்தது. ஐயா எதிர்ப்பக்கத்திலிருந்து கையை நீட்டி ஒரு கட்டையைக் கொஞ்சம் வெளியே இழுத்தார். தீ தெளிந்தது.

"புகை வந்துச்சுன்னா நாம எங்கயோ போயிட்டோம்னு அர்த்தம் தம்பி. திரும்ப வந்துட்டா போதும். ஏன் போனோம்னு விசாரிச்சிட்டு இருக்க வேணாம். அதுக்குள்ள சோறு அடிப்பிடிச்சிரும்."

அவர் எனக்குச் செய்த உபதேசம் இவ்வளவுதான். ஒன்பது வருடப் பழக்கத்தில் இதற்கு மேல் அவர் எதையும் விளக்கியதில்லை. பசித்து வருகிறவர்களைக் காக்க வைக்கக் கூடாது என்பது ஒன்றுதான் அவருடைய கவலை. பசியைப் போக்குவதுதான் வழிபாடு என்று வள்ளலார் வைத்ததை அவர் சொல்லால் வைத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் எத்தனை அண்டா ஏறியிருக்கிறது என்ற கணக்காக வைத்திருந்தார். உள்ளம் அடங்குவதைத் தனக்கான லாபமாக அவர் நினைத்ததாகவே எனக்குத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ அவரிடம் அது இருந்தது.

1993ஆம் ஆண்டு கார்த்திகை. மழை விடாமல் பிடித்திருந்த வாரம்; எனக்கு மூன்றாம் ஷிப்ட். நிலக்கரி சேறுமாதிரி வந்துகொண்டிருந்தது. இரவு இரண்டு மணிக்கு மேல் தீ ஆடத் தொடங்கியது. மூடியைத் தள்ளி, கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தேன். கருநூல் ஓடியது. கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிக் காற்றைச் சற்றுக் கூட்டினோம். தெளிந்தது. மறுபடி ஓடியது. மறுபடி. அன்று அந்தத் துளைக்கு முன்னால் எத்தனை முறை போய் நின்றேனோ! பன்னிரண்டு வருடமாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கண்ணை அங்கே வைத்துவிட்டு நான் வேறெங்கோ இருந்திருக்கிறேன். கருநூலை மீட்டர் சொன்ன பிறகுதான் என் கண் சொல்லும். அந்த இரவில் மீட்டர் அசைவதற்கு முன்பே எனக்குத் தெரிந்தது. மனம் நகர்ந்தது, தெரிந்தது, வந்துவிட்டேன். அது மறுபடி நகர்ந்தது, மறுபடியும் வந்துவிட்டேன்.

நாலு மணி வாக்கில் தீ நிலைத்தது. முந்திரிப்பழ மஞ்சள். அப்போது ஒன்று நடந்தது. பெரிதாக எதுவும் இல்லை. ஒளி தெரியவில்லை, உடம்பு சிலிர்க்கவில்லை. விசிறிகளின் இரைச்சல் அப்படியே இருந்தது. ஒரு துளிகூடக் குறையவில்லை. ஆனால் அது என்மேல் மோதவில்லை. அப்பாவின் தறிச் சத்தத்துக்குள் நான் சின்ன வயதில் தூங்கிப்போவேனே, அந்த மாதிரி இரைச்சலுக்குள் நின்றுகொண்டிருந்தேன். பார்க்கிறேன் என்ற நினைப்புகூட இல்லாமல் தீ மட்டும் இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அடுத்த ரீடிங்குக்கு மணி பார்த்தேன், ஐந்து ஆகியிருந்தது. பேனாவை எடுத்து எழுதினேன். கையெழுத்து நிதானமாக இருந்தது.

பிறகு அதைத் திரும்ப வரவழைக்க முயன்று பல இரவுகளை வீணாக்கினேன். தேடிப் போனால் அது வராது. தீயைப் பார்த்துக்கொள்வது என் வேலை, அது வருவது என் வேலை அல்ல என்று விட்ட பிறகுதான் சில இரவுகளில் வந்து, சில இரவுகளில் வராமல், எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டானது.

வீட்டில் என்ன மாறியது என்று கேட்டால் பெரிய கதை இல்லை. கோபம் போய்விடவில்லை. அது கிளம்பும்போது கருநூல் மாதிரி ஓரத்தில் தெரியத் தொடங்கியது, அவ்வளவுதான். தெரிந்துவிட்டால் கை ஓங்காது. பிள்ளைக்குப் புதுச் சிலேட்டு வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். விரல் நுனி நடையை மட்டும் விடவில்லை. நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் அப்பாக்கள் பிள்ளைகளிடம் அப்படிக் கேட்பது வழக்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது கோழைத்தனம்.

சபையின் வாசலுக்கு இன்னொரு கதை உண்டு. உயிர்க்கொலையையும் புலால் உணவையும் விட்டவர்கள் மட்டுமே உள்ளே வர வேண்டும் என்று அங்கே எழுதி வைத்திருக்கிறது. நான் கருவாட்டுக் குழம்புக்குப் பிறந்தவன். எனவே பல மாதம் அந்த எழுத்துக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் தருமசாலைக்குத் திரும்பிவிடுவேன். அங்கே யாரையும் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்பதில்லை, பசி ஒன்றே சீட்டு. 1994இல் புலாலை விட்டேன். மனைவியிடம் நான் ஒன்றும் பேசவில்லை. அவளாகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, "என்னங்க, இனிமே வாங்க வேணாம்" என்றாள். அந்தத் தைப்பூசத்தில் திரைகள் விலகியபோது சின்ன வயதில் ஏமாற்றிய அந்த இமைப்பொழுது எனக்குப் போதுமானதாக இருந்தது. தீயை இமைக்கும் நேரம் முழுதாகப் பார்ப்பது எவ்வளவு கடினம் என்று அதற்குள் தெரிந்திருந்தது.

ஐயா 2001இல் காலமானார். கடைசி நாட்களில் மேட்டுக்குப்பம் சித்தி வளாகத்துக்கு அழைத்துப் போகச் சொன்னார். சைக்கிளின் பின்னால் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். 1873ஆம் ஆண்டு கார்த்திகையில், தம் அறைக்குள் இருந்த விளக்கை வெளியே எடுத்து வைத்து, இதை இடைவிடாமல் வழிபட்டு வாருங்கள் என்று வள்ளலார் அன்பர்களிடம் சொன்ன இடம் அது. இரண்டு மாதம் கழித்து, 1874 ஜனவரி 30 அன்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஐயா அந்த விளக்கின் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது, "நாளைக்கு விறகு வந்திருமா?"

2018இல் ஓய்வு பெற்றேன். 2020இல் என் மின்நிலையத்தை மூடிவிட்டார்கள். 1962இல் சோவியத் நாட்டின் உதவியோடு முதல் யூனிட்டுக்குத் தீ மூட்டியது. ஐம்பது மெகாவாட்டில் ஆறு, நூறு மெகாவாட்டில் மூன்று, மொத்தம் 600 மெகாவாட். வயதான இயந்திரங்கள், நிறுத்தியது சரிதான். ஆனால் மூடிய செய்தியை நண்பர் போனில் சொன்ன அன்று மாலை தெருமுனைக்குப் போய் அந்தத் திசையைப் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் புகை இல்லாத வானத்தை நான் பார்த்ததில்லை. நான் எந்தத் துளையின் முன்னால் நின்றேனோ அதற்குள் இப்போது இருட்டு. என் கோயில் இடிந்ததுபோல் இருந்தது என்று சொன்னால் மிகை என்பார்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது.

ஒரு வாரம் தூங்கவில்லை. உடம்பு பழைய ஷிப்டுக்குத் திரும்பிவிட்டது; இரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும். எட்டாவது நாள் எழுந்து முகம் கழுவி, அம்மா வைத்திருந்த பித்தளை அகலைத் தேடி எடுத்துப் புளி போட்டுத் தேய்த்தேன். நல்லெண்ணெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றி, எதிரில் ஒரு மணைப்பலகையில் உட்கார்ந்தேன். ஆயிரம் டிகிரியை ஆண்டவனுக்கு நகக்கண் அளவு சுடர். முதலில் அவமானமாகக்கூட இருந்தது. பிறகு கவனித்தேன்: திரி நீண்டால் இதிலும் கருநூல் ஓடுகிறது. எண்ணெய் குறைந்தால் இதுவும் சோர்கிறது. ஜன்னல் காற்றுக்கு ஆடி, நிமிர்ந்து, நிற்கிறது. அன்றிலிருந்து தினமும் மூன்று மணிக்கு. எத்தனை நிமிடம் என்று கணக்கு வைப்பதில்லை. திரியின் கருக்கு ஒருமுறை தட்டும் அளவுக்கு இருக்கலாம்.

என் மகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. அவனுக்கும் இரவு ஷிப்ட். அமெரிக்காக்காரர்களுக்குப் பகலாக இருக்கும்போது இவன் விழித்திருக்க வேண்டும். அந்த வருடம் கொரோனாவால் எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட, எங்களிடம் வந்துவிட்டான். பக்கத்து அறையில் அவன் இங்கிலீஷில் பேசும் குரல் மெல்லக் கேட்டுக்கொண்டே இருக்கும். முப்பத்து நாலு வயது. கண்ணுக்குக் கீழே என் பழைய கறுப்பு.

ஒரு விடியலுக்கு முன் விளக்கின் முன்னால் இருந்தேன். பக்கத்தில் யாரோ உட்கார்ந்திருப்பதைச் சுடர் ஆடியதில்தான் அறிந்தேன். அவன் வந்த சத்தமே கேட்கவில்லை. சின்ன வயதில் அவன் கற்றுக்கொண்ட நடை அது. நான் திரும்பவில்லை. இருவரும் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெகு நேரம் கழித்து, "அப்பா, எண்ணெய் ஊத்தட்டுமா?" என்றான்.

"ஊத்து."

ஊற்றினான். கை கொஞ்சம் நடுங்கி எண்ணெய் விளிம்பில் வழிந்தது. சுடர் உயர்ந்து, ஓரத்தில் கருநூல் ஓடியது. திரியைச் சற்று உள்ளே தள்ளச் சொன்னேன். தள்ளினான். தெளிந்தது. அப்போது, இருபத்தெட்டு வருடம் கழித்து, விளக்கைப் பார்த்தபடியே சொன்னேன்: "அந்தச் சிலேட்டை நான் ஒடைச்சிருக்கக் கூடாதுடா."

எந்தச் சிலேட்டு என்று அவன் கேட்கவில்லை. விரலில் பட்ட எண்ணெயைத் தலையில் தடவிக்கொண்டான், அவன் பாட்டி செய்வதுபோல. பிறகு அடுத்த மீட்டிங் இருக்கிறது என்று எழுந்து போனான். கூடத்தைத் தாண்டி அறைக் கதவுவரை அவன் குதிகால் தரையில் படுகிற சத்தம் கேட்டது.